பதினாறு குழிகளும் ஒரு பூவரசும்

ஜூலை 6, ஞாயிறு

பதினாறு கன்றும் நட்டாயிற்று. கையெல்லாம் கொப்புளம். இடுப்பு என்னுடையதே இல்லை. ஆனால் நட்டாயிற்று!

நடுவதைவிட, குழி எங்கே என்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. முத்தியால்பேட்டையில் வாசலுக்கு நேரே மரம் வைக்க யார் சம்மதிப்பார்கள்? "வாசல மறைச்சா வூட்டுக்கு ஆவாது" என்று எல்லாரும் ஒரே பாட்டு. கடைசியில் பதினாறு குழியும் இரண்டு வீட்டுச் சுவர்கள் சேரும் இடத்தில். எங்கள் வீட்டுக்கும் ராஜாம்பாள் வீட்டுக்கும் நடுவே ஒரு பூவரசு. அந்த அம்மாவும் நானும் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவர்கள் மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்கியதில் வந்த சண்டை. பூவரசுக்கு நல்ல இடம்தான் கிடைத்தது.

ரோடு போடும் இன்ஜினியர், ஜே.இ., கறாராகச் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் தெரு முழுக்க பேவர் பிளாக் கல் பதிப்பார்கள். அன்றைக்குக் கன்று உயிரோடு நிற்கும் குழியை மட்டும் விடுவார்கள். மற்றதையெல்லாம் மூடிவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் நட வைத்த பத்தும் காய்ந்து குச்சியாக நின்றன. அன்றிலிருந்து தெருவில் நான் குச்சி மேனகா. பெயர் வைத்தது யாரென்று எழுத வேண்டுமா? இன்றைக்கும் பக்கத்து வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "குச்சி நட்டாச்சு. இனி வெறகுதான்."

பார்க்கலாம்டி அம்மா.

ஜூலை 10

ஐந்தரைக்குப் பூவரசுக்கு ஒரு வாளி. அப்புறம்தான் காபி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, கம்பெனி எல்லாம்.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று கன்று காய்ந்துவிட்டது. எங்கள் பூவரசோ தினமும் தண்ணீர் குடித்தும் மஞ்சளாகி இலையை உதிர்க்கிறது. என் வீட்டுக்காரர் இளஞ்செழியன் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "சொதசொதன்னு கெடக்குது மேனகா" என்றார்.

ஒரு வாளிதானே ஊற்றுகிறேன்? அந்தம்மாதான் சோப்புத் தண்ணி ஊத்துது. வேற யாரு? நாளைக்குக் கையும் களவுமா புடிக்கறேன்.

ஜூலை 28

பிடித்தேன்.

சாயந்திரம் ஆறு மணி. நான் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன், ராஜாம்பாள் ஒரு குடத்தைப் பூவரசில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா ஊத்தறீங்க?" நாலு வருஷத்தில் என் முதல் வார்த்தை.

"தண்ணிதான். நட்டுட்டுப் போயிட்டா ஆச்சா? நட்ட நாள்லேர்ந்து நான்தான் ஒரு கொடம் ஊத்திக்கினு இருக்கேன்."

குடத்துக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. சுத்தமான குழாய்த் தண்ணீர்.

"நான் காலைல ஒரு வாளி ஊத்தறேனேக்கா!"

இரண்டு பேரும் பூவரசைப் பார்த்தோம். ஆளுக்கொரு பக்கம் ஊற்றி அழுக வைத்திருக்கிறோம். காய்ந்த மூன்றுக்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது. அங்கே இவர்கள் ஊற்றுவார்கள் என்று அவர்கள், அவர்கள் ஊற்றுவார்கள் என்று இவர்கள். என் வாசலுக்கு வேண்டாம் என்று நடுவில் தள்ளினோம். யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

ராஜாம்பாள்தான் வழி சொன்னாள். "ஊத்தனவங்க கன்னு பக்கத்துல சின்னதா ஒரு கோலம் போட்டுடட்டும். கோலத்தப் பாத்தா அடுத்த வூடு ஊத்த வேணாம்."

"மழைல அழிஞ்சிட்டா?"

"மழ பேஞ்ச அன்னிக்கு எவடி தண்ணி ஊத்துவா?"

அந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று இப்போதும் கோபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காய்ந்த மூன்று இடத்திலும் புதுக் கன்று. வீடு வீடாகப் போய்க் கோலக் கணக்கைச் சொன்னோம். நான் அதட்ட, ராஜாம்பாள் கெஞ்ச. இல்லை, அவள் அதட்டினாள், நான் கெஞ்சினேன். உண்மையை எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 4

காலையில் பதினாறு கோலம்! இரண்டு முறை நடந்து எண்ணினேன். கம்பெனிக்குத் தாமதம். திட்டு வாங்கினேன். பரவாயில்லை.

செப்டம்பர் 14

எங்கள் தெரு ஜிஸ்லேன் மதாம் பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார், மகன் அர்னோ வீட்டுக்கு. அவர் பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது. அதனால் நடுவிலுள்ள மகிழங்கன்றை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தார். "மொன் தியே, கடவுளே, அது செத்துதுன்னா நான் ஊருக்கே வரமாட்டேன் முசே." இவர் போட்ட கோலத்தைப் பார்த்தேன். மிதிபட்ட நண்டு. ஆனால் ஒருநாளும் தவறவில்லை மனிதர்.

நவம்பர் 30, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து காற்றும் மழையும். மூங்கில் கொம்பு, கயிறு என்று தெருவே இறங்கிவிட்டது. நைலான் கயிறு பட்டையை அறுக்கும் என்று நான் சொன்னதும் ராஜாம்பாள் உள்ளே போய்ப் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துவந்து நீளநீளமாகக் கிழித்தாள். அதில்தான் எல்லாக் கன்றையும் கொம்போடு கட்டினோம்.

மத்தியானம் யார் மாடியிலிருந்தோ தகரம் பறந்து வந்தது. தெருக்கோடிப் புங்கங்கன்று வேரோடு போயிற்று. எங்கள் பூவரசு முழங்கால் உயரத்தில் முறிந்தது.

அழுதேன். நனைந்துகொண்டு, தெருவில் நின்று, எல்லாரும் பார்க்க. இவ்ளோ பண்ணியும் இதானா?

"ஏன்டி அழுவற? பூவரசு வெட்டி வெச்சாலே வரும்" என்றாள் ராஜாம்பாள். முறிந்த மேல்துண்டின் இலையை உருவி, அடியைச் சாய்வாகச் சீவி, புங்கன் போன குழியில் நட்டாள். இங்கே நின்ற அடித்துண்டின் தலையில் சாணி அப்பினாள். குச்சி என்று சிரித்தவள் தன் கையாலேயே ஒரு குச்சி நட்டாள். நான் குழியில் மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

ஜனவரி 4

அடித்துண்டில் மூன்று துளிர். தெருக்கோடிக் குச்சி அப்படியே நிற்கிறது.

ஜனவரி 25

குச்சி, குச்சியாகவே.

பிப்ரவரி 9, திங்கள்

லீவு போட்டேன். ஜே.இ. பத்து மணிக்கு வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எங்கள் பூவரசு இடுப்பளவுக்குத் தழைத்திருந்தது. பதினைந்து சரி. தெருக்கோடிக் குச்சியில் நின்றார்.

"இது இன்னாம்மா, காஞ்ச குச்சி. மூடிடலாம்."

"கிட்ட குனிஞ்சு பாருங்க சார்" என்றாள் ராஜாம்பாள்.

குனிந்தார். நானும் குனிந்தேன். கணுவில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை. அதற்கு மேலே இன்னொன்று. நேற்றுச் சாயந்திரம்தான் வந்ததாம். எனக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள் பாவி!

நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. "பதினாறு" என்று எழுதிக்கொண்டார்.

தெருவே கைதட்டியது. போன வாரம்தான் ஊர் திரும்பிய ஜிஸ்லேன் மதாம் மாடியிலிருந்து "பிராவோ" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் விசிலடித்தார், ஐம்பத்தாறு வயதில்.

மார்ச் 1, ஞாயிறு

பேவர் பிளாக் போட்டு முடித்துவிட்டார்கள். நடுநடுவே பதினாறு சதுரத்தில் மண்.

காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் தெருவிலும் நட வேண்டுமாம், யோசனை கேட்க வந்தார்களாம். "குச்சி மேனகா வூடு எதுங்க?" என்று விசாரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"குச்சியா? அப்பிடி இங்க யாரும் இல்ல" என்றாள் ராஜாம்பாள். "தோ நிக்குது பாரு, எங்க பூவரசு. அதுக்கு இந்தாண்ட மேனகா வூடு, அந்தாண்ட என் வூடு."

எங்க பூவரசாம்! இன்றைக்குக் கோலம் போட்டது நான்தான். சண்டைக்குப் போகவில்லை. நாலு பேருக்கும் காபி போட்டேன்.