கூட்டாத வளவு

2024 ஏப்ரல் 21

மூச்சு: காலையில் நல்லம். பின்னேரம் கொஞ்சம் இழுத்தது.

ஒவ்வொரு நாளும் மூச்சு எப்படி என்று எழுதிக்கொண்டு வரும்படி கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அதற்காக வாங்கின கொப்பி இது. மூச்சைப் பற்றி இரண்டு சொல்லுக்கு மேல் எழுத என்ன இருக்கிறது? மிச்ச இடத்தில் மரத்தைப் பற்றி எழுதுகிறேன். டொக்டர் கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்று எண்ணினேன். 163 நிற்கிறது. நட்டது 240. முதிரை, வீரை, பாலை, கொஞ்சம் கருங்காலி. எல்லாம் காட்டு மரம்.

என் மனைவி பரீதா போட்ட நிபந்தனை இதுதான்: மூன்று கோடை தருவாள். மூன்றாவது கோடை முடிந்து மழை விழும்போது பாதியாவது, அதாவது 120 கன்று உயிரோடு நிற்க வேண்டும். நின்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒன்றரை ஏக்கர் வளவும் காடாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் அவளுடைய தம்பி நஸ்ரி அதில் சீமெந்துக் கல் அரிகிற இடம் போடுவான். கிண்ணியாவில் வீடு கட்டாத ஆள் இல்லை, அவனுக்கு இப்போதிருக்கிற இடம் போதவில்லை. நான் மறுக்க முடியாது. காணி அவளுடைய சீதனக் காணி. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான், கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து, பெண்ணின் காணியில் நின்றுகொண்டு அதிகாரம் பண்ணுகிறோம்.

இது மூன்றாவது கோடை.

ஏப்ரல் 24

ஏன் இந்தப் பாடு என்று ஸாலிஹா ராத்தா கேட்டா. பரீதாவின் அக்கா, பக்கத்து வளவு. சிரித்துவிட்டு வந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருசம் மரக்காலையில் மரம் அறுத்தவன் நான். முதிரையை மணத்தில் சொல்வேன். பாலையை வாளின் சத்தத்தில் சொல்வேன். ஆனால் இந்தக் கன்றுகளை லொறியிலிருந்து இறக்கின நாளில், எது வீரை எது கருங்காலி என்று இலையைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. நாற்றுமேடையில் நின்ற பொடிச்சிதான் காட்டித் தந்தாள். வாழ்நாள் முழுக்க மரத்தைப் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தூள்தான் இப்போது நெஞ்சுக்குள் இருந்து இழுக்கிறது. நின்ற நிலையில் கொஞ்ச மரத்தையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதைப் பரீதாவிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 30

காய்ந்த முதிரை ஒன்றைப் பிடுங்கினேன். செத்ததை நான் நிற்க விடுவதில்லை, வரிசை அசிங்கமாகிவிடும். வேரை முறித்தபோது அறுத்த முதிரையின் மணம் அப்படியே வந்தது. செத்த பிறகும் மணக்கிறது, நல்ல சாதி. அடுப்புக்குக் கொடுத்தேன்.

மே 14

மூச்சு: பரவாயில்லை.

பரீதா மரத்தைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. "உங்கட குச்சிகள்" என்பாள். ஆனால் விடியச் சுபஹுத் தொழுத கையோடு விளக்குமாற்றை எடுத்து, முற்றத்தை முடித்துவிட்டுக் கன்று வரிசைக்குள்ளும் இறங்கிவிடுவாள். இரண்டு வருசமாக ஒரு நாள் தவறவில்லை. ஒரு சருகு கிடக்காது. மணலில் விளக்குமாற்றுக் கோடு மட்டும் கிடக்கும். கூட்டின சருகைக் கொளுத்தும்போதும், புகை என் பக்கம் வராமல் காற்றுப் பார்த்துத்தான் கொளுத்துவாள்.

வருகிறவர்கள் எல்லாம், "காடு நட்ட இடமா இது, பள்ளி முற்றம் மாதிரியெல்லோ இருக்கு" என்கிறார்கள். எனக்கும் பெருமைதான். அவள் கால் வைக்காத இடம் பின்வேலியோரம் மட்டும். அங்கே காரைப் பற்றை, பாம்புக்குப் பயம்.

ஜூன் 11

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. பகல் முழுக்க மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று. 152.

ஜூன் 23

கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. மோட்டர் இழுக்கவில்லை. வாளியால் அள்ளிக் கேனில் சுமக்கிறேன். பத்துக் கன்றுக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது. பரீதா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே நிற்பது தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 29

நஸ்ரி வந்தான். தேத்தண்ணி குடித்தான். போகும்போது பின்வளவுக்குப் போகிற கேற்றிலிருந்து பின்வேலி வரைக்கும் காலடி வைத்து நடந்து பார்த்தான். அளக்கிறானா, சும்மா நடக்கிறானா?

ஜூலை 9

141. போன கிழமை வரைக்கும் 152 நின்றது, ஒரு கிழமையில் பதினொன்று போய்விட்டது. அதுவும் கேற்றடி வரிசைகளில், ஆகத் துப்புரவான இடத்தில். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் ஊற்றினேன். பின்வேலியோரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அங்கே கேனோடு போக மூச்சு விடாது; அங்கே உள்ளதைப் பழைய கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். அப்படியிருக்க, கேற்றடியில் மட்டும் ஏன்?

கேற்றால் வந்து போனவன் யார்?

இப்படி நினைக்கவே கூடாது. நினைக்கிறேன்.

ஜூலை 12

கேட்டுவிட்டேன். வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, நாலு பேர் முன்னால், "நஸ்ரி, கேற்றடியில என்ன ஊத்தின நீ?" என்று கேட்டேன்.

அவன் முகம் செத்துப் போய்விட்டது. "மச்சான், நான் கல்லு அரியிறவன். கன்று கொல்றவன் இல்ல" என்றான். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான், ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை.

ஜூலை 13

"பள்ளி வாசல்ல வெச்சா என்ட தம்பியக் கேட்டீங்க?"

இந்த ஒன்றுதான். சோறு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, கதை இல்லை.

ஜூலை 21

அல்லாஹ்வே. எங்கே தொடங்கி எழுத?

எத்தனை செத்தது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று பின்வேலிக்குப் போனேன். ஒரு மாதமாகத் தண்ணீர் போகாத இடம். காரைப் பற்றைக்குள் கையை விட்டு விலக்கினால், பதினாலு நட்டதில் பதினாலும் நிற்கிறது. சின்னதாக, கரும்பச்சையாக. கன்றடியில் சருகு ஒரு சாண் உயரத்துக்கு மக்கிக் கிடக்கிறது. அதற்குக் கீழே கையை வைத்தேன். குளிர். விரலில் ஈர மண் ஒட்டினது.

எழும்பி வந்து கேற்றடியில் கையை வைத்தேன். ஓட்டில் வைத்த மாதிரிச் சுட்டது. மணலில் இன்று காலை விளக்குமாறு போட்ட கோடு.

நஸ்ரி ஒன்றும் ஊற்றவில்லை. ஒருவரும் ஒன்றும் ஊற்றவில்லை. மரம் தனக்கென்று போட்ட போர்வையை, இரண்டு வருசமாக ஒவ்வொரு விடியலும் நாங்கள் கூட்டி எடுத்துக் கொளுத்தியிருக்கிறோம். "நாங்கள்" என்று எழுதுகிறேன். கை அவளுடையது. துப்புரவாக இருக்கிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான்.

ஜூலை 22

சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்து விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அறுபது வயதில் இந்தப் புத்தி.

ஜூலை 23

ஸாலிஹா ராத்தாவின் விளக்குமாற்றை இரவல் வாங்கிக் கூட்டினாள்.

ஜூலை 24

சந்தையில் புது விளக்குமாறு வாங்கி வந்துவிட்டாள்.

ஜூலை 26

சொன்னேன்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இடத்து மண்ணையும் தொடச் சொன்னேன். தொட்டாள். மறுபடி தொட்டாள். கெட்டிக்காரி, நான் வாயைத் திறக்க முதலே விளங்கிவிட்டது.

"அப்ப நான்தான் கொன்ட."

"இல்ல பரீதா—"

"ரெண்டு வருசம். தொழுதிட்டு வந்து, உங்களுக்கு ஒதவியா இரிக்கட்டும் எண்டு..." விளக்குமாற்றை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 30

மூச்சு: இழுக்கிறது.

நாலு நாளாக முற்றமும் கூட்டவில்லை. பலாச் சருகு படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஸாலிஹா ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆருக்குச் சுகமில்ல?" என்று கேட்டா. இந்த ஊரில் முற்றம் கூட்டவில்லையென்றால் ஒன்று நோய், இல்லாவிட்டால் சண்டை.

மரக்காலையில் வாள் தவறினால் மிசினை நிற்பாட்டலாம். இது அப்படியில்லை.

ஓகஸ்ட் 2

காலையில் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் பரீதா இரண்டு உரப்பையை இழுத்துக்கொண்டு கேற்றுக்குள்ளே வருகிறாள். பை நிறையச் சருகு. ராத்தா வீட்டில் கொளுத்தக் குவித்து வைத்ததை அப்படியே அள்ளி வந்திருக்கிறாள்.

"எந்தக் கன்றுக்கு முதல்?" என்று கேட்டாள்.

"கேற்றடி" என்றேன்.

"தண்டில முட்டாமப் போடணுமா, முட்டலாமா?"

எனக்கும் தெரியாது. முட்டாமலே போட்டோம். போட்டு முடிந்த பிறகு, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "இண்டைக்கு ஜும்ஆ. எந்த இடத்தில கேட்டீங்களோ அந்த இடத்தில போய்ச் சொல்லுங்க."

போனேன். அதே வாசல், அதே நாலு பேர். "நஸ்ரி, பிழை என்டது. மன்னிச்சுக்கொள்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கென்ன உரிமை?

ஓகஸ்ட் 8

இந்த லேனில் இப்போது ஒரு வீட்டிலும் சருகு கொளுத்துவதில்லை. பின்னேரம் பரீதா உரப்பையோடு வருவாள் என்று குவித்து வைக்கிறார்கள். சிரிக்கவும் செய்கிறார்கள். ஸாலிஹா ராத்தா, "ஊர்க் குப்பையெல்லாம் வளவுக்குள்ள கொட்டுறியே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டதற்கு, "கூட்டித்தான் வெக்கப்பட்டுப் போன நான்" என்றாளாம்.

முற்றம் பழையபடி கூட்டுகிறாள். கன்று தொடங்குகிற இடத்தில் விளக்குமாறு நின்றுவிடுகிறது. மணலில் ஒரு கோடு மாதிரித் தெரிகிறது.

ஓகஸ்ட் 11

ஏற்கெனவே வெந்துபோனது திரும்பி வராது. காய்ந்தவற்றைப் பிடுங்கப் போனேன். "பிடுங்காதீங்க. கிடக்கட்டும்" என்றாள். செத்ததை வைத்து என்ன செய்ய என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். செத்தவரின் மையத்தை மூடுகிற மாதிரி அந்தக் குச்சிகளின் அடிக்கும் சருகு போட்டாள்.

ஓகஸ்ட் 23

மூன்று நாள் ஆஸ்பத்திரியில். மூச்சு இறங்க மூக்கில் மூடி வைத்துக் காற்றுப் பிடித்து விட்டார்கள். கேன் தூக்கக் கூடாதாம். தண்ணீரை அவள் ஊற்றியிருக்கிறாள். குச்சிகளுக்கும் சேர்த்து ஊற்றினாளாம். வீண் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 5

129.

செப்டெம்பர் 18

121. இப்போது மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் போகிறது. 120க்கு மேலே ஒன்றுதான் மிச்சம்.

செப்டெம்பர் 29

117.

இரண்டு தரம் எண்ணினேன். மூன்றாவது தரம் எண்ணப் பயம். பரீதாவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

ஒக்டோபர் 9

மழை! பின்னேரம் நாலு மணிக்கு. துறைமுகப் பக்கம் கறுத்து, குடாவைக் கடந்து வந்து கொட்டினது. வராந்தாவில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சந்தோசப்படவும் முடியவில்லை. மழை விழுந்தால் எண்ண வேண்டும், அதுதான் பேச்சு.

"நாளைக்கு நஸ்ரியக் கூப்பிடு, எண்ணி முடிப்பம்" என்றேன்.

"எனக்கு வேலை இருக்கு. அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு பாப்பம்."

என்ன வேலை என்று சொல்லவில்லை. எனக்கு இரக்கம் காட்டுகிறாள் போல. பதினொரு நாளில் என்ன மாறப் போகிறது?

ஒக்டோபர் 20

நஸ்ரி காலையிலேயே வந்தான். நான் முன்னால் எண்ண, அவன் பின்னால் எண்ணினான். இரண்டு பேருக்கும் 117.

"மூணுதானே மச்சான்" என்றான் நஸ்ரி. அன்றைக்கு என்னை மன்னித்தானோ தெரியாது, இன்றைக்கு மன்னித்துவிட்டான் என்று அந்தக் குரலில் தெரிந்தது. "பேச்சுப் பேச்சுத்தான். காணிய எடு" என்றேன்.

"நான் இன்னும் எண்ணல்ல" என்று பின்னால் சத்தம். பரீதா, குசினியிலிருந்து ஈரக் கையோடு.

நேரே கேற்றடி வரிசைக்குப் போனாள். காய்ந்த குச்சி ஒன்றின் அடியில் குனிந்து சருகைக் கையால் விலக்கினாள். குச்சி மேலே சாம்பல் நிறத்தில் அப்படியே காய்ந்துதான் நிற்கிறது. அடியில், மண்ணோடு மண்ணாக, செம்பச்சையில் இரண்டு இலை. நகத்தளவு. வீரை.

"ஒண்டு" என்றாள்.

அடுத்த குச்சி. அதற்கு ஒன்றும் இல்லை, சருகைத் திரும்ப மூடினாள். அதற்கடுத்தது. "ரெண்டு." நானும் நஸ்ரியும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிப் பின்னால் போனோம். ஒன்பது. வீரை ஐந்து, முதிரை மூன்று, பாலை ஒன்று.

"வேர்ல உசிர் இருக்கும் எண்டுதான் நாள் கேட்ட நான். மழை விழுந்து நாலாம் நாள் ஒண்டக் கண்ட. மத்ததும் வரட்டும் எண்டு இருந்த" என்றாள். பிறகு நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, "உங்கட நூத்திப் பதினேழு. என்ட ஒன்பது" என்றாள்.

நஸ்ரி சிரிக்கத் தொடங்கிவிட்டான். "அப்ப எனக்கு வேற காணிதான் பாக்கணும். ராத்தா, தேத்தண்ணியாவது தாங்க."

அவன் போன பிறகு தனியாக முதிரைத் துளிர் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏப்ரலில் பிடுங்கினதன் வேர் மணம் ஞாபகம் வந்தது. மூன்று வருசத்தில் நான் பிடுங்கி அடுப்புக்குக் கொடுத்தது தொண்ணூற்றொன்பது. அதில் எத்தனைக்கு வேரில் உயிர் இருந்ததோ. மணத்தை வைத்து மரத்தைச் சொல்கிறவன், அது உயிரின் மணம் என்று தெரியாமல் போனேன்.

பரீதாவிடம் சொன்னேன். மறைக்கவில்லை. நான்தான் கொன்ட என்று அவள் ஒரு கோடை முழுக்கச் சுமந்துவிட்டாள், பாதிச் சுமை என்னுடையது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். என் தோளில் கையை ஊன்றி எழும்பினாள்.

"நாளைக்கு ராத்தா வீட்டுப் பலாச் சருகு எடுக்கணும்" என்றாள். "அந்த உரப்பையக் கழுவிக் காய வெய்யுங்க."

காய வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

மூச்சு: நல்லம்.