மாப்பிள்ளை காலியாக விட்டுப்போன இடம்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை சேகருக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை உன் மகள் கயல் மெட்ராஸிலிருந்து வந்தாள். காபிகூடக் குடிக்காமல் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். உன் ரெக்கார்டு. பதினேழு பேர் வாசிக்கும் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா, ஆறு ஐரோப்பியக் கவிதைகள். தமிழாக்கம் என்னுடையது.

கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதினவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊர் கேட்டது. பட்டு சொசைட்டி குமாஸ்தா, அகராதியை வைத்து இங்கிலீஷ் படித்தவன், இவனுக்கு எதற்கு என்று என்னையும் கேட்டது. நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அஞ்சாவது கவிதையில்தான் வந்தது சண்டை. "குளிர்காலம் முழுக்க, யாரும் தட்டாத கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன்" என்று எழுதிக் கொடுத்தேன். தாளத்துக்கு நீளம், குளிர்காலத்தை எடுத்துவிடு என்றாய். எடுத்தால் அது வெறும் கதவு ரிப்பேர் என்றேன். "மச்சான், பாட்டுக்குத்தான்பா வரி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. என் பேரையே எடுத்துவிடு என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம். மூன்று தெரு தள்ளி உன் வீடு. என் தங்கை வந்து அழுதாள். நீ வரவில்லை, நானும் வரவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுகூட நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். ஏன் மாப்பிள்ளை, ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா?

அஞ்சாவது பாட்டு வந்தது. அந்த வரி வரவேண்டிய இடத்தில் பாடுகிற பெண் நிறுத்திவிட்டாள். சாக்ஸபோன்களும் நின்றன. டிரம்ஸ் மேல் பிரஷ் மட்டும் மெல்ல உரசிக்கினு இருந்தது. பிறகு அடுத்த வரி. மெஷின் கெட்டுப்போச்சா என்று கயலைக் கேட்டேன்.

"இல்ல மாமா. அப்பாதான் அப்படி விடச் சொன்னாரு. அது உங்க எடமாம். நீங்க வந்து சொல்லுவீங்களாம், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதாம்."

அடுத்த வாரம் ரெக்கார்டை வெளியிட வேண்டுமாம். அப்படியே விடலாமா, வேறு யாரையாவது பாட வைக்கலாமா என்று கேட்டாள். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முழு வரியும் அடங்குகிறது, குளிர்காலத்தோடு. மூச்சு வாங்கவும் இடம் வைத்திருக்கிறாய்.

இதைச் சொல்ல நீயாவது அந்த மூன்று தெருவை நடந்து வந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கயலோடு மெட்ராஸுக்குப் போகிறேன். எனக்குப் பாட வராது, அந்த வரியைப் பேசிவிட்டு வருவேன். ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன், அவசரப்படவும் மாட்டேன். உன் ஆட்கள் பதினேழு பேரும் நிற்கட்டும். எனக்காகக் காத்திருப்பது அவர்களுக்குப் பழகியிருக்கும்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
நடேசன்