பிடுங்காத தக்கை

டுலூத், அக்டோபர் 20

இல்லை அப்பா, எனக்கு அடி எதுவும் படவில்லை. படகு விழுந்ததைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதில் அது மட்டும்தான் உண்மை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஏரி உறைவதற்குள் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஹால்வரின் சின்னப் பாய்மரப் படகைக் கராஜ் கூரையடியில் தொங்கவிட, கயிறு கட்டித் தூக்கினோம். "அடித் துளைத் தக்கையைப் பிடுங்கிட்டியாம்மா?" என்றார்.

"படகுப் பட்டறைக்காரர் பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

பிடுங்கவில்லை. அதனால் வடியாமல் உள்ளே தேங்கிய மழைநீர் ஒரே பக்கம் ஓடியது. பாரத்தில் ஹால்வர் முடிச்சிட்ட கயிறு நழுவி, படகு விழுந்து பின்புறம் பிளந்தது.

சத்தம் கேட்டு வந்த அவர் மனைவி இங்கா, "உங்க முடிச்ச நம்பி ஈரத்துணிகூடக் காயப்போட முடியாது!" என்று சிரித்தார். ஹால்வர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். யாரும் கவனிக்குமுன் தரையிலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டேன்.

இரண்டு நாட்களாக அவர் சமையலறை நாற்காலிக் காலில் அதே முடிச்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

உங்கள் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். புதியது வேண்டாம், நீங்கள் போட்டதே போதும். தபால்காரர் வரும் நேரமாகிவிட்டது.

உங்கள் மாரிட்

பி.கு. உறையை ஒட்டுமுன் கீழே போய், தக்கையைப் பற்றியும் துடைத்த தண்ணீரைப் பற்றியும் ஹால்வரிடம் சொன்னேன். பிறகு நாற்காலிக் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்தேன்.