வெளியே நின்றவர்கள்

அண்ணனுக்கு,

உடம்பு தேறியதும் நீ கேட்ட முதல் விஷயம், நீ அறைக்குள் மயங்கிக் கிடந்தபோது வெளியே கைகட்டி நின்றவர்களின் பெயர்ப் பட்டியல். எல்லோருக்கும் சீட்டைக் கிழிக்கப் போகிறாயாம். நன்றாயிருக்கிறது உன் நியாயம்!

"நான் உள்ள வான்னு சொல்லாம எவனும் கதவத் தொடக்கூடாது" என்று அச்சகத்தில் சட்டம் போட்டவன் நீ. போன மாதம், இயந்திரத்தில் தீப்பொறி பறக்கிறது என்று சொல்ல ஓடிவந்த மெஷின்மேனை என்ன செய்தாய்? அப்பா வயதுக்காரர். தட்டாமல் நுழைந்தார் என்று எல்லோர் முன்னாலும் கத்தி, வெளியே போய்த் தட்டிவிட்டு வரச் சொன்னாய். தட்டினார். நீ போனில் பேசிச் சிரித்து முடிக்கும்வரை நின்றார். அதற்குள் பாதிக் காகிதம் கருகிப் போயிருந்தது.

நீ விழுந்த அன்றும் அவர்தான் முதலில் தட்டினார். "ஐயா இன்னும் கூப்பிடலையேம்மா" என்றார் என்னிடம். பத்து நிமிடம் நின்றோம்.

பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள். கதவு பூட்டியிருக்கவில்லை. நாற்காலியோடு நீ சரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பத்து நிமிடமும் கைப்பிடியில் இருந்தது என் கைதான்.

உன் அனுமதிக்குக் காத்திருந்த
தங்கை