நங்கூரக் கல்

அக்டோபர் 27, ஞாயிறு

பூசை முடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மகளின் கல்லுக்கு வெள்ளையடிப்பது என் வழக்கம். பெயர் எழுதாத வெறும் கருங்கல். பிறந்த மறுநாளே போனவளுக்குப் பெயர் வைக்க எங்கே நேரம்?

யாரோ அதற்கு நீல பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! எந்தப் புண்ணியவான் வேலையோ. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.

அக்டோபர் 28

கிளிஃபர்டிடம் சொன்னேன். "விடு ஜொவி, பெயின்ட்தானே" என்கிறார். என்ன மனுஷன்! பெற்ற அப்பனுக்குக் கோபம் வரவேண்டாமா?

அக்டோபர் 30

எனக்கு இன்று பள்ளியில் அரை நாள் வேலைதான். நேரே அங்கே போனேன். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள். பியாட்ரிஸாம், ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறாளாம்.

"இது எம் பொண்ணு கல்லு" என்றேன்.

"இன்னாமா சொல்றே? எம் புள்ள கீறான் இதுல. அவன் போனப்புறம் இங்க வர மன்சே வர்ல, இந்த வருஷந்தான் வந்து பெயின்ட் அட்ச்சேன். நங்கூரக் கல்லும்மா இது, நானே தூக்கினு வந்து வச்சேன். தோ பார், கவுறு கட்ற ஓட்டை கீது."

அந்த ஓட்டையில்தான் நான் வருஷா வருஷம் சாமந்தி செருகுகிறேன்.

வீட்டுக்கு வந்து கிளிஃபர்டை உலுக்கிவிட்டேன். கடைசியில் சொன்னார்: "புதைச்ச எடத்துல அடையாளமே வைக்கல ஜொவி. நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து எங்க, எங்கன்னு அழுதே. மழைக்கு எல்லாம் புல்லு மண்டிக் கெடந்துது. ஏதோ ஒரு கல்லைக் காட்டிட்டேன்."

அக்டோபர் 31

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. ஐயோ, இத்தனை வருஷம் யார் பிள்ளைகிட்டடி உட்கார்ந்து அழுதே?

நவம்பர் 1

குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "கல்லு உங்களோடதுதான், அக்கா."

பியாட்ரிஸ் மீன் அரிவதை நிறுத்தினாள். "அப்போ உன் பொண்ணு எங்க கீது?"

"தெரியலையே" என்றேன். வந்துவிட்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

வாளி எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் சாமந்தி மட்டும் வாங்கிவிட்டேன். எங்கே வைப்பது? கிளிஃபர்டும் கூட வந்தார்.

பியாட்ரிஸ் எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். கல்லில் பாதி நீலம். மறுபாதிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். இன்னும் காயவில்லை, அவள் விரலெல்லாம் வெள்ளை. கிளிஃபர்ட் புல்லிலேயே உட்கார்ந்து அழுதார்.

"இன்னாமா பாத்துக்கினு நிக்கிறே?" என்றாள் பியாட்ரிஸ். "ஓட்டை காலியாத்தான் கீது. பூவை வை."