உட்கார்ந்தால் ஓடிப்போகும் கட்டி

வண்டிப்பெரியார்
20.11.1974

அன்பு மகள் ஞானஜோதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், கோழிகள் நலம், நான் பாதி நலம். டில்லியில் நீ முழு நலமாக இருக்க முருகன் துணை. ஒன்றரை வருடமாக அம்மாவுக்கு நீ எழுதும் கடிதத்தின் ஓரத்தில் 'அப்பாவுக்கு வணக்கம்' என்ற இரண்டு சொல்தான் என் பங்குக்கு வருகிறது. நானும் ரோஷக்காரன், பதில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் பாசம் என்று நினைத்துவிடாதே, முழங்கால்.

முடக்குவாதம் என் விரல்களைக் கோணலாக்கியது நீ பார்த்ததுதான், இப்போது சட்டைப் பொத்தான் போடவும் அம்மா வேண்டும். போன மாதம் நின்று குளிக்கும்போது வலது முழங்காலுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புற்றுநோய் என்று நானே தீர்மானித்து, பிச்சைமணி மாலை கொண்டுவந்தால் என் பிணத்தின்மேல் போட விடக்கூடாது என்பதுவரை யோசித்துவிட்டேன். எஸ்டேட் ஆபீசில் எனக்குக் கீழே நகல் எடுத்தவன், எனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் நாற்காலியில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறான், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அம்மாவிடம் காட்ட ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணையும் காணோமே, ஆபீசுக்குப் போகச் சடவா இருக்கா?" என்று கேட்டாள்.

கம்பத்து டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார். காலை நீட்டினால் கட்டி கல்லாக நின்றது, மடக்கினால் அமுங்கி மறைந்தது. முடக்குவாதக்காரர்களுக்கு முட்டிக்குள் ஊறும் நீர் பின்பக்கம் ஒதுங்கிப் பையாகத் தேங்குவது உண்டாம், புற்றுநோய் இல்லையாம். ஊசியால் நீரை இழுத்து மருந்து போட்டார். மேடு ஏறாதே, பை உடைந்தால் கெண்டைக்கால் வீங்கும், உடனே வா என்றார். நான் சிரித்தேன். ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் முத்துப்பேச்சியை நினைத்துத்தான் சிரித்தேன். என்னைப் போலவே கோணிய விரல்காரி, முழங்காலுக்குப் பின்னால் கட்டி, மேல்மலை ஏற முடியவில்லை, பிள்ளைகளைப் பார்க்கும் கொட்டகைக்கு மாற்றுங்கள் என்று போன வருடம் கேட்டு வந்தாள். லேசான வேலைக்கு யார் தகுதி என்று ரெஜிஸ்டரில் எழுதும் மகா அதிகாரம் என்னுடையது. பெண்ணை நிற்க வைக்கக் கூடாது என்ற என் பெருந்தன்மையில் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கம்பவுண்டர் தடவினார், ஒன்றுமில்லை. "நின்னா இருக்குய்யா, உக்காந்தா ஓடிருது" என்று அவள் அழுதாள். உன் கட்டிக்கும் கால் முளைத்ததோ என்று கேட்டுவிட்டு, 'பாசாங்கு' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். லீவில் வந்திருந்த நீ, "நிக்க வச்சுப் பாருங்கப்பா" என்றாய். பி.ஏ. படித்தவனுக்கு ஊசி போடப் படித்தவள் பாடம் நடத்துவதா என்று கத்தினேன். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதே நீ பெட்டியைக் கட்டினாய்.

ரெஜிஸ்டரில் திருத்தம் எழுதினால் பிச்சைமணிதான் கையெழுத்துப் போட வேண்டும். அவன் முகத்தில் வரப்போகும் சந்தோஷத்தை நினைத்தே பத்து நாள் கடத்தினேன். அந்தப் பத்து நாளும் முத்துப்பேச்சி கூடையைக் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து என் ஜன்னலைக் கடந்துதான் மலை ஏறினாள். திங்கட்கிழமை எழுதிவிட்டேன். அழகான கையெழுத்து போய் இப்போது கோழி கிளறியது போல இருக்கிறது, இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். பிச்சைமணி, "வாசிக்க முடியலைண்ணே, நீங்களே சத்தமா வாசிச்சிருங்க" என்றான், காலையில் பேர் கொடுக்க மஸ்டருக்கு வந்த அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு. வாசிக்க முடிந்திருக்கும், பயல். முத்துப்பேச்சியின் கட்டி உண்மை, நான் எழுதியது பிழை, அதே கட்டி எனக்கும் இருக்கிறது என்று வாசித்தேன். அவள் முன்னால் வந்து, "ஐயாவுக்கும் உக்காந்தா ஓடிருதா? அப்ப ஐயாவும் பாசாங்குதானா?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பிச்சைமணி கையெழுத்துப் போட்டுக்கொண்டே சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன், அதை யாரிடமும் சொல்லாதே. நேற்று முதல் அவள் கொட்டகையில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை எங்களோடு கம்பத்து டாக்டரிடம் வருகிறாள்.

அங்கே குளிர் வந்திருக்கும், இரவு வேலைக்குக் கம்பளிச்சட்டை இல்லாமல் போகாதே. அம்மா பூண்டு ஊறுகாய் தனியாக அனுப்புகிறாள். எல்லா நலமும் பெற்று நீ நீண்ட நாள் வாழ என் ஆசி. அடுத்த கடிதத்தை மறக்காமல் என் பெயருக்கே போடு. பொங்கலுக்கு வந்தால் என் காலை நீதான் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

உன் அப்பா
செ. கருத்தப்பாண்டி, பி.ஏ.
(இன்னும் இரண்டாம் கிளார்க்)