தேன்கூட்டு அச்சு

ரக்கா

என் அன்புக் கணவர் ஸஹ்ல் அவர்களுக்கு ரைஹானா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். அலெப்போவில் நீங்களும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. கோதுமை அரைத்து வைத்தாயிற்று. உங்கள் கிழட்டுக் கழுதை சுமை ஏற்ற வந்தவரைக் கடித்துவிட்டது. அதற்கும் உங்கள்மேல் கோபம்போல.

சங்கதிக்கு வருகிறேன். “இவ்வளவு ஆழமா வெட்டினா கண்ணாடி உள்ளயே மாட்டிக்கும். இது அச்சா, எலிப்பொறியா?” என்று என் அண்ணன் முதர்ரிஃப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் கேட்டாரே, நீங்களும் அச்சை வீசிவிட்டு அலெப்போவுக்குப் போனீர்களே, அதே வெண்கல அச்சில் நேற்று அவர் ஊதிப் பார்த்தார். சாப்பாடு கொண்டுபோன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

குழல் நுனியில் கண்ணாடிக் குழம்பை எடுத்து, அச்சுக்குள் இறக்கி, ஒரே ஊது. வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மாட்டவே இல்லை! உங்கள் தேன்கூட்டுக் கட்டங்கள் அதில் நெருக்கமாக, கரடுமுரடாக இருந்தன. பிறகு வெளியில் வைத்துக் குழலைச் சுழற்றிச் சுழற்றி மெல்ல ஊதினார். குடுவை பெருக்கப் பெருக்கக் கட்டங்களும் விரிந்தன. கழுத்தருகே பட்டாணி அளவு, வயிற்றில் பேரீச்சம்பழ அளவு. மேலோட்டமாக வெட்டியிருந்தால் அந்த ஊதலில் எல்லாம் அழிந்துபோயிருக்கும். அச்சை வெட்டும்போதே இதையெல்லாம் கண்டுவிட்டீர்களே, என்ன கண் உங்களுக்கு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனின் மூச்சும் லேசுப்பட்டதல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று காலை ஆறிய குடுவையை அவர் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “மாப்பிள்ளைக்கு என்ன கைடீ! நான்தான் அவசரப்பட்டு வார்த்தையக் கொட்டிட்டேன்” என்றார். “அத அவர்கிட்டயே சொல்லுங்களேன்” என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

அங்குள்ள பட்டறைக்காரர் உங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாராம். தயவுசெய்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

இன்னொன்று. எங்கள் தந்தை இறந்த அன்றுகூட உலையை அணையவிடாதவர் அண்ணன். அணைந்தால் குழம்பு இறுகிப் பானைகளெல்லாம் வெடித்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். இன்று மதியம் விறகு போட வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டுக் கழுதைக்குச் சேணம் கட்டினார்.

இக்கடிதத்தை நீங்கள் தங்கியிருக்கும் விடுதிக்காரரிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு அண்ணன் கீழே முற்றத்தில்தான் நிற்பார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, எதிர்பார்க்காதீர்கள். இறங்கிப் போய் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். வழியெல்லாம் உங்கள் இருவருக்கும் இறைவன் துணையிருக்கட்டும்.

உங்கள்
ரைஹானா